கிளிப் ஆர்ட்: வெட்டுப்படமா, நறுக்குப்படமா?

அண்ணாச்சி, வணக்கம்.

நம் கணினிக் கையேட்டு வரைவில், ஆவணத்தில் சேர்க்க ஆயத்தமாகக் கிடைக்கும் சிறு படமான கிளிப் ஆர்ட்டுக்கு "வெட்டுப்படம்" என்று இருக்கிறது. அதை மாற்றியாக வேண்டும். கட் கட்டளைக்கு ஏற்கெனவே "வெட்டு" என்று வைத்துவிட்டோம். "வெட்டுப்படத்தை வெட்டி ஒட்டுக" என்று எழுதினால் புதிதாகப் படிக்கிறவர் திணறிப்போவார். "ஒட்டுப்படம்" என்றாலோ ஸ்டிக்கர்தான் நினைவுக்கு வரும்.

அச்சடித்த படத்தாளில் வேண்டியதைக் கத்தரித்துப் பக்கத்தில் ஒட்டிய காலத்துப் பெயர் அது. அதனால் "நறுக்குப்படம்" என்கிறேன். ஓலை நறுக்கு என்கிறோமே, அந்த நறுக்குதான். படத்தின் ஓரங்களை நீக்கும் கிராப்புக்குச் "செதுக்கு" இருப்பதால் அதோடும் இடிக்காது.

பாளையங்கோட்டையிலிருந்து

—

தம்பி,

நறுக்குப்படம் நல்ல சொல், வைத்துக்கொள்வோம். எனக்கு உறுத்துவது அடுத்த வரி: "பதிவிறக்கி நிறுவுக." நிறுவுவது மென்பொருளை. படத்தைச் சேர்க்கிறோம், அவ்வளவுதான். "நிறுவுக" என்று படித்தவர், படத்தொகுப்பு என்ற பெயரில் வரும் .இஎக்ஸ்இ கோப்பை, அதாவது அழுத்தியதும் ஓடும் நிரலைக்கூடச் சந்தேகப்படாமல் அழுத்திவிடுவார். படம் என்றால் கோடுகளாக வரையப்பட்ட எஸ்விஜி, புள்ளிகளாலான பிஎன்ஜி, அல்லது அவற்றைக் கட்டிய ஜிப். இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸின் .ஓஎக்ஸ்டி நீட்சிக்கு (கூடுதல் வசதிக்கு) மட்டும் "நிறுவு" சரி.

மைக்ரோசாப்ட் ஆபிஸுக்குள்ளேயே கிளிப் ஆர்ட் தேடும் பழைய பாடத்தையும் எடுத்துவிடுங்கள். அந்த நிறுவனம் அதை 2014 டிசம்பரில் நிறுத்திவிட்டது. ஓபன்கிளிப்ஆர்ட் தளத்தைக் காட்டலாம். படங்கள் சிசி0 உரிமத்தில், அதாவது வரைந்தவர் தம் உரிமையை விட்டுக்கொடுத்து, கிடைப்பதால் கொடை நோட்டீசுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் தாராளமாக அச்சிடலாம். கூகுளில் கண்ட படம் அப்படியல்ல என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.

எஸ்விஜியையே இறக்கச் சொல்லுங்கள். 600 பிக்சல் அகலமுள்ள பிஎன்ஜி குத்துவிளக்கு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சில் 2 அங்குலம்தான் வரும். அதை 4 அங்குலத்துக்கு இழுத்தால் 150 டிபிஐ ஆகிவிடும். சுடர் ஓரமெல்லாம் படிக்கட்டாகத் தெரியும். எஸ்விஜியை எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கெடாது.

—

அண்ணாச்சி,

ஒத்துக்கொள்கிறேன். "சேர்" என்றே திருத்தி, படிகளை இப்படி எழுதுகிறேன்: ஜிப்பைப் பிரித்துப் படங்களை ஆவணங்கள் கோப்புறைக்குள் "நறுக்குப்படம்" என்ற நிலையான இடத்தில் வைக்கவும். லிப்ரே ஆபிஸில் வியூ மெனுவில், படங்களைத் தொகுத்துக் காட்டும் கேலரியைத் திறந்து, புதிய தீம் (படத்தொகுதி) உருவாக்கிப் பெயரிடவும். அதன் பிராப்பர்ட்டீஸில் ஃபைல்ஸ் தாவலுக்குப் போய், கோப்புறையைக் காட்டி, வேண்டியவற்றைத் தேர்ந்து ஆட் அழுத்தவும்.

இடத்தை நிலையாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவ்வழியில் சேர்க்கும்போது கேலரி படத்தை நகலெடுப்பதில்லை, அது இருக்கும் பாதையை மட்டும் குறித்துக்கொள்கிறது. பென் டிரைவிலிருந்து சேர்த்துவிட்டு டிரைவைக் கழற்றினால், சிறுபடம் தெரியும், பக்கத்தில் இழுத்தால் வராது. டவுன்லோட்ஸ் கோப்புறையைத் துடைத்தாலும் இதே கதி.

கேலரிக்குப் "படக்களரி" என்று ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். கட்டளைப் பட்டியலில் "காட்சியகம்" என்று முன்பே இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமா? சொல்லுங்கள்.