கசவு நேரியலில் தலை டை கறை: கசவு கெடாமல் எடுக்க முடியுமா?

தக்கலை மருமகள்:
மாமா தலைக்கு டை அடித்துவிட்டு, சரியாக அலசாமல் கசவு நேரியலை, அதாவது பொன் சரிகைக் கரை போட்ட மேல்துண்டை, தோளில் போட்டுவிட்டார். பிடரி பட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. சோப்பு போட்டுத் துவைத்ததில் பழுப்பாகி நிற்கிறது. அடுத்த வாரம் வடசேரியில் கல்யாணம், இதைத்தான் போடுவேன் என்று அடம். வழி உண்டா?

கோட்டாறு வாசி:
கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஒரே முக்கு. பளிச்!

மார்த்தாண்டம் லாண்டரி:
ஐயோ, வேண்டாம். குளோரின் பட்டால் கசவு மங்கிப்போகும், நூலும் இற்றுவிடும். கூடவே வினிகரோ எலுமிச்சையோ சேர்த்தால் நச்சுவாயு வேறு கிளம்பும். துணி சுத்தப் பருத்தியா? கறை கசவுக்கு எவ்வளவு தள்ளி? கறை போகும்வரை இஸ்திரி போடாதீர்கள், சூட்டில் கறை இறுகிவிடும்.

தக்கலை மருமகள்:
பருத்திதான் அண்ணே. கசவு நான்கு விரல் தள்ளி இருக்கிறது. டை, இரண்டைக் கலக்கிப் பூசுகிற கிரீம் வகை.

மார்த்தாண்டம் லாண்டரி:
அப்படியானால் மெடிக்கல் ஷாப்பில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்குங்கள். கறைக்கு அடியில் பழைய துணியை மடித்து வைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றுங்கள். தேய்த்தால் பரவும். நிறம் கீழே இறங்க இறங்க அடித்துணியை மாற்றுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும்.

மிச்சத்துக்கு 3% ஹைட்ரஜன் பெராக்சைடு. கறை உள்ள இடத்தை மட்டும் கூட்டி, சுங்குடிக்கு முடிச்சுப் போடுவதுபோல் நூலால் இறுக்கிக் கட்டி, அதை மட்டும் கிண்ணத்தில் முக்குங்கள். கசவைப் பாலித்தீன் பையில் சுற்றிவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து அலசலாம். முதலில் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது நல்லது.

தக்கலை மருமகள்:
டை பெட்டியிலேயே பெராக்சைடு என்று போட்டிருக்கிறதே, கறை இன்னும் அதிகமாகாதா?

மார்த்தாண்டம் லாண்டரி:
சரியான கேள்வி. டையில் உள்ள பிபிடி என்ற நிறம் தரும் வேதிப்பொருள், பெராக்சைடோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகுதான் கறுக்கிறது. ஆகவே ஈரமாக இருக்கும் புது டையில் இதை ஊற்றினால் வேலை கெடும். அதைப் பச்சைத்தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். உங்களுடையது கறுத்து முடிந்த கறை. அதைப் பெராக்சைடு மெல்ல வெளுக்கும்.

குலசேகரம் அக்கா:
பட்டுச் சேலைக்கும் இதே வழிதானா தம்பி?

மார்த்தாண்டம் லாண்டரி:
பட்டில் கைவைக்காதீர்கள் அக்கா. டை கறை என்று சொல்லியே டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். காபி, குழம்பு என்று நினைத்து அவர்கள் வேறு மருந்து போட்டுவிடக் கூடாது.

தக்கலை மருமகள்:
ஸ்பிரிட்டிலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. பெராக்சைடுக்குப் பிறகு உற்றுப் பார்த்தால்தான் லேசான மஞ்சள் தெரிகிறது. கசவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இடத்தை உள்மடிப்பாக வைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். இனி டை அடிக்கும்போது கழுத்தில் பழைய துவர்த்து (துண்டு) ஒன்றைச் சுற்றிக்கொள்ளவும்தான், கேட்பாரா தெரியவில்லை. நன்றி அண்ணே.