தகரக் கூரையில் மழை: ஆன்லைன் வகுப்புக்கு எந்த மைக்?

கோத்தகிரியில் தகரக் கூரை வீட்டிலிருந்து குரூப் 4 தேர்வுக்கு மாலையில் ஆன்லைன் வகுப்பு எடுக்கிறேன். இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வலுவானது. ஐப்பசி பிறந்ததிலிருந்து மாணவர்களுக்கு என் குரலைவிடக் கூரைச் சத்தமே அதிகம் கேட்கிறது. இருப்பது யூஎஸ்பி கண்டன்சர் மைக் (சிறு சத்தத்தையும் பிடிக்கும் வகை), விண்டோஸ் 11 லேப்டாப்.

முன்பக்க ஒலியை மட்டும் முக்கியமாகப் பிடிக்கும் கார்டியாய்டு நிலையில் வைத்து, கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்து, மைக்கை வாயருகே இழுத்துப் பார்த்தேன். செயலியின் இரைச்சல் நீக்கத்தை உச்சத்தில் வைத்தால் மழை அடங்குகிறது, கூடவே சொல்லின் கடைசி எழுத்தும் காணாமல் போகிறது. இலக்கணம் நடத்துபவனுக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா! ஜன்னலுக்குக் கம்பளி கட்டியும் பயனில்லை; சத்தம் மேலிருந்து வருகிறது. உட்கூரை அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

தூரத்துச் சத்தத்தை அவ்வளவாகப் பிடிக்காத டைனமிக் மைக் வாங்க நினைக்கிறேன். யூஎஸ்பியில் நேரடியாகச் செருகும் சாம்சன் க்யூ2யூ போதுமா, மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் கருவியான ஆடியோ இன்டர்ஃபேஸோடு ஷூர் எஸ்எம்58 வாங்க வேண்டுமா?