மின்வாசிப்பானா, அச்சுப் புத்தகமா? எங்கள் வீடுகளில் நடந்தது

திருச்சியிலிருந்து

எதை வாங்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். எல்லாருக்கும் பொருந்துகிற பதில் என்னிடம் இல்லை. என் அம்மாவுக்காக, மின்நூல்களைப் படிப்பதற்கென்றே உள்ள மின்வாசிப்பான் என்ற சிறு கருவி ஒன்றை வாங்கினேன். அதன் பிறகு ஒன்றரை வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா 32 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவர். இப்போது 78 வயது. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டார், பிறகு கண்புரை அறுவை செய்துகொண்டார். அதுவரை வாசிப்பு ஒரு நாளும் நின்றதில்லை. அதற்கப்புறம் விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகத் தொடங்கியது. வீட்டுக்குள் தடுமாறாமல் நடப்பார், கீரை ஆய்வார். நேராகப் பார்க்கும் இடத்தில் மட்டும் ஒரு மங்கல். "நான் படிக்க நினைக்கும் எழுத்து மறைகிறது, அதன் பக்கத்து எழுத்து தெரிகிறது" என்றார்.

வாசிப்பதை அவர் நிறுத்தியது எனக்குத் தெரியவே இல்லை. மேசையில் கவிழ்த்து வைத்திருந்த புத்தகம் மூன்று வாரமாக அதே பக்கத்தில் இருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, "கதை பிடிக்கவில்லை" என்றார். எந்தக் கதையையும் அப்படிப் பாதியில் விடுகிறவர் இல்லை அவர்.

முதலில் உருப்பெருக்கி வாங்கினோம். ஒரு கையில் கண்ணாடி, மறு கையில் தடித்த புத்தகம். பக்கம் மூடிக்கொள்ளும், விரல் நடுங்கும். பத்து நிமிடத்தில் மூடி வைத்துவிடுவார். அப்போதுதான் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்று மின்வாசிப்பானை வாங்கினேன். "எனக்கு எதற்கம்மா இதெல்லாம்? பேத்திக்குக் கொடு" என்றார்.

வாங்கியதும் நான் செய்த தவறை இங்கே எழுதியே ஆக வேண்டும். இணையத்தில் கிடைத்த நாற்பது பழைய நூல்களின் பிடிஎஃப் கோப்புகளை அதில் ஏற்றினேன். பெரும்பாலானவை பக்கங்களை அப்படியே படமெடுத்தவை. ஆறு அங்குலத் திரையில் எழுத்து கடுகளவுக்குச் சுருங்கிவிட்டது. பெரிதாக்கினால் பக்கத்தின் ஒரு மூலைதான் தெரியும். வரியை முடிக்க வலப்பக்கம் நகர்த்த வேண்டும், அடுத்த வரிக்கு மீண்டும் இடப்பக்கம் வர வேண்டும். இரண்டு வரி படித்துவிட்டு, "சந்துக்குள் சிக்கிய வண்டியை முன்னும் பின்னும் தள்ளுவது போல இருக்கிறது" என்றார் அம்மா. வேறு சில கோப்புகள் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஏதேதோ குறிகள் வந்தன. பணத்தையும் அம்மாவின் நம்பிக்கையையும் ஒன்றாக வீணாக்கிவிட்டேன் என்று அன்று இரவு மிகவும் வருந்தினேன்.

என்னோடு வேலை செய்யும் ஒருவர்தான் வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்தார். படமாக இருக்கும் பக்கம் வேறு, எழுத்தாகவே இருக்கும் நூல் வேறு. இபப் (EPUB) போன்ற வடிவத்தில் இருப்பது இரண்டாவது வகை. எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரிகள் தாமாக மடிந்து திரைக்குள் அடங்கும். 2013 முதல் இலவசத் தமிழ் மின்நூல்களை வெளியிட்டுவரும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தையும் அவர்தான் காட்டினார். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, யாரும் வெளியிடலாம் என்பதால் பொன்னியின் செல்வன் எழுத்து வடிவில் எளிதாகக் கிடைத்தது. ஐந்து பாகமும் அம்மா முன்பே பலமுறை படித்தவைதான். தெரிந்த கதையில் தொடங்கினால் பயம் இருக்காது என்று அதையே ஏற்றினேன்.

எழுத்தை மிகப் பெரிய அளவில் வைத்தோம். திரைக்கு ஏழு வரி, வரிக்கு இரண்டு மூன்று சொற்கள். தமிழில் 'பேசிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போல ஒரு சொல் வந்துவிட்டால் அதுவே வரியை அடைத்துக்கொள்ளும், சில இடத்தில் உடைந்தும் போகும். அம்மாவுக்கு அது உறுத்தியது. "இப்படிச் சொல்லை முறிக்கலாமா?" என்று ஆசிரியர் குரலில் கேட்டார். ஆனால் படிப்பதை நிறுத்தவில்லை. காலையில் கொல்லைப்புறத் திண்ணையில் நல்ல வெயிலில் உட்கார்ந்து படிப்பார். கைப்பேசித் திரை அந்த வெளிச்சத்தில் வெறும் கண்ணாடிதான். மின்வாசிப்பானில் வெயில் ஏற ஏற எழுத்து தெளியும். அதன் திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகளில் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இருக்கின்றன. மின்னூட்டத்துக்கு ஏற்ப அவை மேலே வந்து எழுத்தாகின்றன, அடுத்த பக்கம் புரட்டும்வரை அங்கேயே நிற்கின்றன. காகிதத்தைப் போலவே வெளிவெளிச்சத்தில்தான் எழுத்து தெரிகிறது. ஆறு அங்குலக் கருவிகள் பெரும்பாலும் 200 கிராமுக்குள் இருப்பதால் கையும் வலிக்கவில்லை.

முதல் பாகத்தை முடிக்க 26 நாள் ஆயிற்று. முடித்த அன்று இரவு சாப்பாட்டின்போது வந்தியத்தேவனைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். என் மகள் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அம்மா ஒரு பட்டியல் கொடுத்தார். திரும்பப் படிக்க ஆசைப்படும் 23 நூல்கள். தேடியதில் ஒன்பதுதான் எழுத்து வடிவில் கிடைத்தன. சில படப் பக்கங்களாக இருக்கின்றன, மற்றவை எங்கும் இல்லை. ஆகவே, வாங்க நினைப்பவர்கள் கருவியின் விலையைப் பார்ப்பதற்கு முன் இப்படி ஒரு பட்டியல் போடுங்கள். நீங்கள் படிக்க விரும்பும் தமிழ் நூல்கள் எழுத்து வடிவில் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். ஆங்கில நூல் படிப்பவருக்கு இந்தத் தேடல் அவ்வளவாகத் தேவைப்படாது. நமக்குக் கட்டாயம் தேவை.

அச்சுப் புத்தகங்களை நாங்கள் விடவில்லை. அலமாரியில் அறுநூறுக்கு மேல் இருக்கின்றன. வேப்பிலை போட்டு, ராமபாணப் பூச்சிக்குப் பயந்து ஆண்டுக்கொரு முறை வெளியே எடுத்துத் தட்டி வைக்கிறோம். ஓரங்களில் அம்மாவின் பென்சில் எழுத்து இருக்கிறது. ஒன்றில் "ஆறாம் வகுப்பு ஆ பிரிவுக்கு இதைச் சொல்ல வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் வாரம் ஒரு புத்தகம் எடுத்துப்போய்த் திருப்பித் தருகிறாள். கருவியில் இருக்கும் நூலை அப்படி இரவல் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

மதுரையிலிருந்து

நான் பள்ளி ஆசிரியர். மாலையில் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அவர்களில் பாதிப்பேர் புத்தகம் வாங்க வசதியில்லாமல் கைப்பேசியில் பிடிஎஃப் படிக்கிறவர்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி எல்லாப் பாடத்தையும் அப்படித்தான் முடித்தாள். கேள்வி கேட்டால், "படித்தேன் சார், எங்கே படித்தேன் என்றுதான் தெரியவில்லை" என்பாள். அதே பாடத்தைப் பழைய பாடநூலில் படிக்கக் கொடுத்தேன். இடப்பக்கத்தில் கீழே, வரைபடத்துக்கு அடுத்து என்று இடம் சொல்லியே விடை சொல்ல ஆரம்பித்தாள்.

இது ஒரு பிள்ளையின் கதைதான். ஆனால் 2018இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வும் இதற்கு நெருக்கமாகச் சொல்கிறது. 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளை, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வாசிப்பைச் சேர்த்துப் பார்த்தார்கள். தகவல் நூல்களைக் காகிதத்தில் படித்தவர்களுக்குப் புரிதல் கூடுதலாக இருந்தது, நேரக் கெடு வைத்துப் படிக்கும்போது அந்த வேறுபாடு இன்னும் பெருகியது. கதை வாசிப்பில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. திருச்சிச் சகோதரியின் அம்மா நாவலைத் திரையில் ரசிப்பதும் என் மாணவி பாடத்தைத் திரையில் தொலைப்பதும் இதோடு ஒத்துப்போகின்றன.

அந்தப் பெண்ணுக்கு நான் எந்தக் கருவியையும் பரிந்துரைக்க மாட்டேன். பழைய புத்தகக் கடையில் முந்தைய பதிப்புப் பாடநூல்களைத் தேடி வாங்கிக் கொடுத்தேன்.

டொராண்டோவிலிருந்து

எங்கள் பூர்வீகம் யாழ்ப்பாணம். 1981இல் யாழ் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அடுத்த நாள் அம்மம்மா முற்றத்தில் நின்று அழுதது நினைவிருக்கிறது. அவர் அந்த நூலகத்துக்குள் ஒருநாளும் போனதில்லை. ஊர் வாசிகசாலையில் பேப்பர் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிற மனுசி அவர்.

பிறகு இடப்பெயர்வில் எங்கள் வீட்டுப் புத்தகங்களும் போய்விட்டன. அப்பா பாதுகாத்த ஒரு சிறு சஞ்சிகையை, ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்க 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' திட்டத்தின் தளத்தில் முப்பது வருசம் கழித்துக் கண்டேன். யாரோ ஒருவர் தன்னிடமிருந்த பிரதியைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றியிருந்தார். துருப்பிடித்த பின்னின் கறைகூட அந்தப் படத்தில் தெரிந்தது. அதனால் படமெடுத்த பக்கங்கள் உதவாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவற்றுக்கு ஆறு அங்குலக் கருவி போதாது, அவ்வளவுதான். நான் பத்து அங்குல டேப்லெட்டில் வாசிக்கிறேன், நன்றாகவே இருக்கிறது.

காசு கொடுத்து வாங்கும் மின்நூல் விசயத்தில் எனக்கு ஒரு பயம் உண்டு. 2009 யூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை, அவற்றை ஏற்றியவரிடம் உரிமை இல்லை என்று கண்டதும், வாங்கியவர்களின் கிண்டில் மின்வாசிப்பான்களிலிருந்தே அமேசான் அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பின்னர் மன்னிப்பும் கேட்டார்கள். என்றாலும், வீட்டுக்குள் இருக்கும் புத்தகத்தை வெளியிலிருந்து ஒருவர் எடுக்கலாம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சின்ன விசயமாகத் தெரியவில்லை. மனதுக்கு மிக நெருக்கமானதை நான் அச்சிலும் வாங்கி வைக்கிறேன்.

திருச்சி அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மா கேட்ட நூல்களில் நாட்டுடைமை ஆனது ஏதாவது இருந்தால் நீங்களே தட்டச்சு செய்யலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அப்படித்தான் வளர்ந்தது. உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் வேலை முடிந்த இரவுகளில் உட்கார்ந்து தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் சங்க இலக்கியத்தை இணையத்தில் ஏற்றினார்கள். நானும் சில நூறு பக்கங்களுக்குப் பிழை திருத்தியிருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று வைத்துக்கொண்டால் பாரமாகத் தெரியாது.

மீண்டும் திருச்சியிலிருந்து

தம்பி சொன்னதைப் படித்துவிட்டு அம்மாவின் பட்டியலை மறுபடி எடுத்தேன். அதில் ஒரு சிறுகதைத் தொகுப்பு, நாட்டுடைமை ஆன எழுத்தாளருடையது, எங்கள் அலமாரியிலேயே இருந்தது. அட்டை போய், தாள் மஞ்சளாகி, தொட்டால் உதிரும் நிலை. 212 பக்கம். நானும் மகளும் முறை வைத்துக்கொண்டு தட்டச்சு செய்கிறோம். அவள் இடப்பக்கம், நான் வலப்பக்கம். பிய்ந்துபோன இரண்டு தாள்களை மட்டும் ஒரு நூலகப் பிரதியிலிருந்து பார்த்து நிரப்ப வேண்டியிருக்கிறது.

முதல் கதை முடிந்ததும் கோப்பாக மாற்றி அம்மாவின் கருவியில் ஏற்றினோம். பிற்பகல் முழுவதும் திண்ணையில் இருந்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "நான்கு இடத்தில் வல்லினம் மிகவில்லை. ஓர் இடத்தில் 'அறம்' என்பதை 'அரம்' என்று அடித்திருக்கிறீர்கள். அது இரும்பை அராவுகிற கருவி" என்றார். பென்சிலை எடுத்துவரச் சொன்னார். திரையில் எழுத முடியாது என்றதும், பழைய வருகைப் பதிவேடு ஒன்றின் எழுதாத பக்கத்தில் கொட்டை எழுத்தில் திருத்தங்களைக் குறித்துக் கொடுத்தார். இரண்டாவது கதை எப்போது வரும் என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.