நைட்ரஜனின் சுழற்சி ராமன் கோடுகள் ஏன் ஒன்றுவிட்டு ஒன்று மங்குகின்றன?

கேள்வி: நைட்ரஜன் மூலக்கூறுக்கு இருமுனைத் திருப்புதிறன் (மின்னூட்டம் நேர், எதிர் முனைகளாகப் பிரிந்திருக்கும் தன்மை) இல்லாததால் நுண்ணலை நிறமாலையில் அதன் சுழற்சி தென்படாது என்று படித்தேன். ராமன் நிறமாலையில் மட்டும் அது எவ்வாறு தெரிகிறது? அங்கும் கோடுகள் மாறி மாறி வலுத்தும் மெலிந்தும் இருப்பதற்குக் காரணம் என்ன?

மறுமொழி 1: ராமன் சிதறலுக்கு, அதாவது ஒளி மூலக்கூறில் பட்டு அலைநீளம் மாறிச் சிதறுவதற்கு, நிலையான இருமுனை தேவையில்லை, மூலக்கூறின் முனைவுறு திறன் (ஒளியின் மின்புலத்தால் அதன் எலக்ட்ரான்கள் இடம்பெயரும் அளவு) அச்சின் திசையிலும் அதற்குக் குறுக்காகவும் வேறுபட்டால் போதும். ஒரு முழுச் சுழற்சியில் அத்திறன் இருமுறை பழைய நிலைக்குத் திரும்புவதால் சுழற்சி எண் (மூலக்கூறின் சுழற்சி ஆற்றல் நிலைகளைக் குறிக்கும் 0, 1, 2... என்ற எண்) இரண்டிரண்டாக மாறுகிறது; ஆகவே கோடுகளின் இடைவெளி சுழற்சி மாறிலியை (மூலக்கூறின் நிறையும் பிணைப்பு நீளமும் தீர்மானிக்கும் எண்) போல் நான்கு மடங்கு, அதாவது நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 8 செ.மீ.⁻¹. அதிலிருந்து பிணைப்பு நீளம் சுமார் 1.10 ஆங்ஸ்ட்ராம் எனக் கிடைக்கிறது.

மறுமொழி 2: இரண்டாவது கேள்விதான் சுவையானது. நைட்ரஜன்-14 அணுக்கருவின் தற்சுழற்சி (அணுக்கருவுக்கே உரிய உள்ளார்ந்த சுழற்சிப் பண்பு) 1 என்பதால் சுழற்சி எண் இரட்டையாக உள்ள நிலைகளுக்கு ஒற்றை எண் நிலைகளைவிட இருமடங்கு எடை, அதாவது இருமடங்கு வாய்ப்பு, உண்டு; ஆகவே அவற்றிலிருந்து எழும் கோடுகள் வலுத்தும் மற்றவை மெலிந்தும் தெரிகின்றன. 1929-இல் இயற்பியலாளர் ராசெட்டி பாதரசத்தின் 2537 ஆங்ஸ்ட்ராம் ஒளியைக் கொண்டு இதைப் படம்பிடித்தார். அணுக்கருவில் 14 புரோட்டான்களும் 7 எலக்ட்ரான்களும் உள்ளன என்ற அன்றைய கருத்துப்படி மொத்தத் துகள்கள் ஒற்றைப்படையாக (21) இருப்பதால் ஒற்றை எண் நிலைகளே வலுத்திருக்க வேண்டும் என்பதை இயற்பியலாளர்கள் ஹைட்லரும் ஹெர்ட்ஸ்பெர்க்கும் உடனே சுட்டிக்காட்டினர். 1932-இல் நியூட்ரான் கண்டறியப்பட்டு, அணுக்கருவில் இருப்பவை 7 புரோட்டான்களும் 7 நியூட்ரான்களுமாக இரட்டைப்படைத் துகள்களே என்று தெரிந்த பின்னரே அம்முரண் தீர்ந்தது.

கேட்டவர்: மிக்க நன்றி ஐயா. ஆக்சிஜனிலும் இவ்வாறே இருக்குமா?

மறுமொழி 2: இல்லை. ஆக்சிஜன்-16 அணுக்கருவின் தற்சுழற்சி சுழியம் என்பதால் அங்கே இரட்டை எண் நிலைகள் அறவே இல்லை; கோடுகள் மங்குவதில்லை, ஒன்றுவிட்டு ஒன்று காணாமலே போகின்றன.