கிராமத்து மேரியில் (பிரெஞ்சு ஊர் மன்ற அலுவலகத்தில்) யார் பேச்சைக் கேட்பது?

க்ரூஸ்வாசி:
பாரிஸ் புறநகரை விட்டு, க்ரூஸ் மாவட்டத்தில் 160 பேர் வாழும் கிராமத்துக்கு வந்திருக்கிறோம். வீட்டின் முன்பக்க மர ஜன்னல்களை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் ஜன்னல் போட ஆசை. சந்தையில் பார்த்த மேயர், "தாராளமாகப் போடுங்கள்" என்றார். மேரியின் செயலாளர் அம்மாவோ விண்ணப்பம் வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

காரைக்கால் அத்தை:
செயலாளர் சொல்வதைக் கேளுங்கள், தம்பி. பிரான்ஸின் லோசேர் மாவட்டத்தில் ஓர் ஊர் மன்றத்தில் ஆறு ஆண்டுகள் உட்கார்ந்தவள் சொல்கிறேன். மேயர் மாறுவார், எந்தக் கோப்பு எந்த அலமாரியில் என்று அறிந்தவர் செயலாளர்தான். எங்களுக்கு வாய்த்தவர் மூன்று கிராமங்களுக்குப் பொது.

வீட்டின் வெளித்தோற்றம் மாறுமானால் முன் அறிவிப்புப் படிவம் கொடுத்தாக வேண்டும். சந்தையில் கிடைத்த சம்மதம் செல்லாது. ஊருக்கென்று நிலப் பயன்பாட்டுத் திட்டம் இல்லையென்றால், மேயர் கையெழுத்திடுவதே அரசின் பெயரால்தான். கோப்பை ஆராய்வது மாவட்டத்திலுள்ள அரசு அலுவலகம். ஒரு மாதத்துக்குள் மறுப்பு வராவிட்டால் வேலையைத் தொடங்கலாம். ஆனால் 500 மீட்டருக்குள், பார்வையில் படும்படி, வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்ட தேவாலயம் ஏதும் இருக்கிறதா? இருந்தால் இரண்டு மாதம். அரசுக் கட்டடக் கலைஞர் பிளாஸ்டிக்குக்கு இசைவது கடினம்.

உங்கள் மேயரைக் குறை சொல்லவில்லை. உங்கள் அளவு ஊரின் மன்றத்துக்குச் சட்டப்படி 11 உறுப்பினர்கள். அவர்களே ரகசிய வாக்கெடுப்பில் தங்களுள் ஒருவரை மேயராக்குகிறார்கள். எங்கள் மேயர் ஆடு வளர்ப்பவர். காலையில் மூவர்ணப் பட்டை அணிந்து கல்யாணம் நடத்துவார். மாலையில் இடுகாட்டுப் பாதையில் விழுந்த மரத்துக்கு ஆள் தேடுவார். விதிமுறை எல்லாம் மனப்பாடமாக இருக்குமா?

வில்லியனூரான்:
பிரான்ஸில் ஊராட்சிக்குக் 'கொம்யூன்' என்று பெயர்; எங்கள் புதுச்சேரியில் இன்றும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றுதான் சொல்கிறோம். பெயர் இருக்கிறது, மேயர் இல்லை! அத்தை, க்ரூஸ்வாசிக்கு வாக்கு உண்டா?

காரைக்கால் அத்தை:
பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தால் உண்டு. பிற ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர் வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம்; மேயராக முடியாது. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர்களுக்கு வாக்கில்லை. மன்றக் கூட்டத்துக்கு மட்டும் யாரும் போய் உட்காரலாம். நான் இருந்த காலத்தில் வந்த ஒரே பார்வையாளர் என் கணவர். அதுவும் எங்கள் வீட்டில் குளிர்காயும் அடுப்பு அணைந்துவிட்டதால்.

க்ரூஸ்வாசி:
நன்றி அத்தை. இன்று படிவத்தோடு போனேன். கதவில் ஒரு தாள்: செயலாளர் அடுத்த செவ்வாய் வரை விடுமுறை. மேயர் உள்ளேதான் இருந்தார். படிவத்தை அவரிடம் கொடுக்காமல் திரும்பிவிட்டேன்.