கட்டியை எடுத்த கையோடு ஃபிளாப்பா, ரிப்போர்ட் வந்த பிறகா?

செங்காங் கதிர்:
சார்கோமா (தசை, கொழுப்பு, எலும்பு போன்றவற்றில் வரும் புற்று) கட்டியை எடுத்த அதே அறுவையிலேயே ஃபிளாப், அதாவது ரத்த ஓட்டத்தோடு கூடிய சதை அல்லது தோல் துண்டு, வைத்து மூடிவிடுவதைப் பலரும் சரி என்கிறார்கள். தசை, கொழுப்பு போன்ற மென்திசுக் கட்டிக்கு அது அவசரம் என்பது என் கருத்து. மிக்ஸோஃபைப்ரோசார்கோமா என்ற வகை தசையுறை வழியே வால் விட்டு ஓடும், கைக்குத் தட்டுப்படாது. அறுவையின் நடுவே உறையவைத்துப் பார்க்கும் ஃபுரோசன் செக்‌ஷனை இதில் நம்ப முடியாது. கொழுப்பு சரியாக உறையாது. வெட்டிய விளிம்பில் புற்று மிச்சமா என்று சொல்லும் முழு ரிப்போர்ட்டுக்கு ஒரு வாரம் ஆகலாம். அதற்குள் பக்கத்துத் தசையைத் திருப்பி வைத்துவிட்டு, விளிம்பில் கட்டி மிச்சம் என்று வந்தால் எந்த விளிம்பைத் தேடுவது? புதிதாகத் திறந்த இடமெல்லாம் சந்தேகத்துக்குரியது, ரேடியேஷன் பரப்பும் விரியும். அதுவரை புண்ணிலிருந்து நீரை உறிஞ்சும் வேக் கருவியின் ஸ்பாஞ்ச் வைக்கலாம்: மைனஸ் 125 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம், 2, 3 நாளுக்கு ஒரு மாற்று.

தாதி மலர்:
தம்பி, தலைப்பில் மென்திசு என்று போடவில்லையே! எலும்பையும் சேர்த்துப் பேசுவோம். முழங்காலுக்குக் கீழே டிபியா எலும்பில் ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்று. எலும்பை எடுத்து உலோக மூட்டு வைத்தாகிவிட்டது. முன்பக்கம் அதன்மேல் இருப்பது மெல்லிய தோல் மட்டும். அது பிரிந்தால் கிருமி நேராக உலோகத்தில் போய் உட்காரும், பிறகு காலையே இழக்க நேரலாம். அங்கே ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது. கெண்டைக்காலின் உள்பக்கத் தசையை அன்றே முன்னால் திருப்ப வேண்டும். அது உலோகத்தை மூடுவதோடு நிற்பதில்லை. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணை அதோடு சேர்த்துத் தைப்பார்கள். காலை நீட்டும் பலம் அந்தத் தையலில்தான் இருக்கிறது. அதனால்தான் வாரக்கணக்கில் காலை மடக்க விடுவதில்லை.

பீஷான் வாசன்:
மலர் அக்கா சொன்னதோடு ஒன்று. அந்தத் தசைக்கு ரத்தம் தரும் மீடியல் சூரல் தமனி முழங்காலுக்குப் பின்னாலிருக்கும் பெரிய தமனியிலிருந்து பிரிகிறது. கட்டி எடுப்பவர் பின்பக்கத்தைச் சுத்தம் செய்யும்போது அதைக் கட்டிவிட்டால், மூட வருபவர் கையில் உயிரில்லாத தசைதான் மிஞ்சும். கத்தி வைக்கும் முன்பே இருவரும் ஸ்கேனை ஒன்றாகப் பார்த்திருக்க வேண்டும்.

செங்காங் கதிர்:
உலோகம் வைத்த இடத்தில் எனக்கு மறுப்பே இல்லை அக்கா. எலும்பின் வெட்டுமுனையைச் சுண்ணாம்பு நீக்கித்தான் பார்க்க முடியும், அதற்கும் நாளாகும் என்று தெரிந்தே சொல்கிறேன். தொடையிலும் தோளிலும் தோலோடு ஒட்டிப் படரும் கட்டிகளைப் பற்றித்தான் என் வாதம்.

பீஷான் வாசன்:
அங்கேயும் உங்கள் ஸ்பாஞ்ச் எனக்கு உறுத்துகிறது கதிர். புண்ணுக்குள் புற்று இருந்தால் வேக் வைக்கக் கூடாது என்பது அந்தக் கருவிக்கான எச்சரிக்கையிலேயே உண்டு. நீங்கள் காத்திருப்பதே புற்று மிச்சம் இருக்குமோ என்ற சந்தேகத்தில்தானே?

இன்னொன்று, ரேடியேஷன் முன்னால் கொடுத்த உடம்பு. 25 தவணையில் 50 கிரே (ரேடியேஷன் அளவு), பிறகு 4 முதல் 6 வாரம் இடைவெளி, அதன்பின் அறுவை. 2002இல் வெளிவந்த கனடா ஆய்வில் முன்னால் ரேடியேஷன் பெற்றவர்களில் 35 விழுக்காட்டினருக்குப் புண் சிக்கல். பின்னால் பெற்றவர்களில் 17. வெந்த தோலை இழுத்துத் தைத்தால் பிரியும்; திறந்துவைத்தாலும் ஆறாது. ரேடியேஷன் படாத இடத்திலிருந்து புது ரத்த ஓட்டத்தோடு வரும் சதைதான் அங்கே கைகொடுக்கும். பத்து நாள் தள்ளினால், ஃபிளாப்போடு இணைக்க வேண்டிய ரத்தக் குழாய்களைச் சுற்றி வீக்கம் கட்டிக்கொள்ளும், பிரித்தெடுப்பதே பெரும்பாடு.

செங்காங் கதிர்:
அந்த எச்சரிக்கை கண்ணுக்குத் தெரிந்த கட்டியை விட்டுவைத்த புண்ணுக்கு. இங்கே கட்டி போய்விட்டது. குழாயும் நரம்பும் தெரியும் இடத்தில் ஒட்டாத திரை போட்டுத்தான் ஸ்பாஞ்ச் வைக்கிறோம். ரேடியேஷன் முன்னால் கொடுத்தவருக்கு உங்கள் கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். கொடுக்காதவருக்கு ஏன் அவசரம்?

பீஷான் வாசன்:
கொடுக்காதவருக்கு, படரும் வகைக் கட்டி என்றால், காத்திருங்கள். அதை நான் மறுக்கவில்லை. "மென்திசு என்றாலே பொறுக்கணும்" என்ற பொதுவிதியைத்தான் மறுக்கிறேன். அன்றே மூடுவதானால் ஃப்ரீ ஃபிளாப் (வேறிடத்துச் சதையை முழுதாகப் பிரித்தெடுத்து, இங்கே ரத்தக் குழாயோடு இணைப்பது) நல்லது, பக்கத்துத் தளத்தைத் திறக்க வேண்டியதில்லை. தொடையின் வெளிப்பக்கத் தோல், முதுகின் அகன்ற தசை இரண்டும் தோது. தொடைத் தோலை 8 சென்டிமீட்டர் அகலம்வரை எடுத்தால் பெரும்பாலும் நேராகத் தைத்து மூடிவிடலாம்.

செங்காங் கதிர்:
அப்படியானால் சதை எடுக்கும் இடத்துக்குத் தனிக் கருவித் தட்டு, புதுக் கையுறை, புது அங்கி. கட்டி தொட்ட கத்தி அந்தப் பக்கம் போகவே கூடாது. எடுத்த துண்டில் திசை காட்டும் தையல், கட்டி இருந்த படுகையில் உலோகக் கிளிப். பிறகு மிச்சம் என்று ரிப்போர்ட் வந்தாலும் போக வேண்டிய இடம் தெரியும்.

தாதி மலர்:
ஃப்ரீ ஃபிளாப் என்றால் முதல் 24 மணி நேரம் மணிக்கொரு முறை பார்க்கணும். ஊதா நிறம், அழுத்தி விட்டதும் சட்டென்று திரும்பும் நிறம், ஊசி குத்தினால் கருஞ்சிவப்பு ரத்தம்: சிரை அடைப்பு. வெளிறி, சில்லிட்டு, நிறம் திரும்பாவிட்டால் தமனி. சிரைதான் அதிகம் அடைபடும். விடியட்டும் என்று விட்டால் ஃபிளாப் போய்விடும்.

நம்மவர்களின் கருந்தோலில் ஊதா எளிதில் தெரியாது. எடுத்த தொடையின் தோலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், விரலால் தொட்டு விறைப்பைப் பாருங்கள், ரத்த ஓட்டத்தைக் கேட்கவைக்கும் கையடக்க டாப்ளரின் சத்தத்தை நம்புங்கள். வார்டு ஏர்கான் குளிரில் குழாய் சுருங்கும், போர்வை விலகாமல் பார்த்துக்கொள்ளணும். கோப்பி விஷயத்தில் பிரிவுக்குப் பிரிவு பழக்கம் மாறும்; சிகரெட்டில் மாறாது, அறவே கூடாது.