முதல் மேட்சிலேயே தோல்வி: "என்னாலதான் தோத்தாங்களா?" என்று கேட்கும் மகளுக்கு என்ன சொல்வது?

மஞ்சத்துண்டு (கொழிஞ்சாம்பாறை), செப்டம்பர் 17, 2024

வணக்கம். கால்பந்து பார்க்கிறவர்களும் இங்கே உண்டு, பிள்ளை வளர்க்கிறவர்களும் உண்டு என்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு திருவோணம். கொச்சி கலூர் ஸ்டேடியத்தில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு இந்த ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனின் முதல் மேட்ச், பஞ்சாப் எஃப்சியோடு. நாலாம் வகுப்பு படிக்கும் மகளை முதல் தடவையாகக் கூட்டிப் போனேன். இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுச் சேச்சி கொடுத்த ஓண விருந்தை (சத்யா) சாப்பிட்டுவிட்டு வெயிலிலேயே கிளம்பினோம். பாலக்காடு வரை பஸ், எறணாகுளம் நார்த் வரை ரயில், அப்புறம் மெட்ரோ. ஓணத்துக்கு எடுத்த பட்டுப்பாவாடையை மாற்ற மாட்டேன் என்று அதன் மேலேயே மஞ்சள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டாள். மெட்ரோவில் இரண்டு பேர் அவளை போட்டோ எடுக்கலாமா என்று கேட்டார்கள்.

தமிழ் பேசுகிற உனக்குச் சென்னை டீம் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். இங்கே பாலக்காட்டு எல்லையில் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம், ரேஷன் கார்டில் மலையாளம். எனக்குக் கொச்சி அரை நாள் வழி, சென்னை ஒரு ராத்திரி வழி. சின்ன வயதில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) மைதானத்தில் மூங்கில் கேலரி மேல் உட்கார்ந்து கற்ற ஆட்டம் இது. எங்கள் டீம் இதுதான்.

ஓணம் என்பதால் பாதி ஸ்டேடியத்துக்குத்தான் ஆளை விட்டார்கள். அந்தப் பாதியே காது அடைக்கிற சத்தம். நிலச்சரிவில் எல்லாம் இழந்த வயநாட்டுப் பிள்ளைகள் ஆட்டக்காரர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்து வந்தார்கள். மகள் எழுந்து நின்று பார்த்தாள்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 85 நிமிடம் கோல் இல்லை. 86-ல் பஞ்சாபுக்குப் பெனால்டி, லூகா மாய்சென் போட்டார். 90 நிமிடம் முடிந்து கூடுதல் நேரத்தின் இரண்டாவது நிமிடத்தில் எங்கள் ஹெசூஸ் ஹிமெனெஸ் தலையால் முட்டி சமன் செய்தார். அந்த நொடியை நான் மறக்க மாட்டேன். மகள் நாற்காலி மேல் ஏறி, ஒரு கையால் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னும் மூன்று நிமிடம் போயிருக்கும், ஃபிலிப் மிர்ஸ்லியாக் இரண்டாவது கோலைப் போட்டுவிட்டார். 95-வது நிமிடம். 1-2. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே பஞ்சாப் ஆட்டக்காரர்கள் கூவுவது எங்கள் வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. மகள் இறங்கவே இல்லை. நாற்காலி மேலேயே நின்றிருந்தாள், தூக்கிய கை தூக்கியபடி.

வெளியூரில் தோற்றால் டிவியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். சொந்த மைதானத்தில் தோற்றால் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக மெட்ரோ வரைக்கும் நடக்க வேண்டும். யாரும் பேசவில்லை. அதுகூடப் பரவாயில்லை, பழகியதுதான்.

மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், காப்பி குடித்துக்கொண்டே, "இவ போனா, அதான் தோத்துட்டாங்க. ராசியில்லாத காலு" என்று சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. பண்டிகை வீடு, வயதில் பெரியவர்.

ராத்திரி மகள் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "என்னாலதான் தோத்தாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த ஞாயிறு நான் வரலப்பா. நீங்க மட்டும் போங்க, ஜெயிப்பாங்க" என்றாள். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். எனக்கு ஏதோ நல்லது செய்கிற மாதிரி சொன்னாள். ஜெர்சியை மடித்து அலமாரியில் கீழ்த்தட்டில் வைத்துவிட்டாள்.

22-ம் தேதி ஈஸ்ட் பெங்கால் மேட்ச், அதே மைதானம். அவளைக் கூட்டிப் போவதா, வேண்டாமா? கூட்டிப் போய் மறுபடியும் தோற்றால்? அந்தச் சொல்லை இவளிடமிருந்து எப்படி எடுப்பது?

வேலந்தாவளம் கோலி

தம்பி, நான் பதினாலு வருடம் செவன்ஸில் கோலியாக (கோல்கீப்பராக) நின்றவன். ராசி என்ற பேச்சை என்னைவிட அதிகம் கேட்டவன் இருக்க மாட்டான். தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றோம் என்று கமிட்டிக்காரர்கள் என்னை ராசியில்லை என்று வெளியே உட்கார வைத்தார்கள். நாலாவது ஆட்டத்தையும் தோற்றார்கள். அப்போதும் ஒருத்தரும் வந்து, உன்மேல் தப்பில்லை என்று சொல்லவில்லை. அது இன்றைக்கும் நெஞ்சில் கிடக்கிறது.

அதனால் பாப்பாவிடம் வெறுமனே "இல்லை" என்று சொல்லி விடாதே. பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். நடந்ததைக் காட்டு. கடைசி பத்து நிமிட வீடியோவைப் போட்டு, இரண்டு மூன்று தடவை நிறுத்தி நிறுத்திக் காட்டு. ஒரு கோல் விழுந்தால் அதற்கு முன்னால் நாலு காரியம் நடந்திருக்கும். யார் பந்தை விட்டார், யார் ஆளை விட்டார், யார் முன்னால் ஏறிப் போய்த் திரும்பி வரவில்லை, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கடைசி நேரத்தில் சமன் செய்த டீமுக்கு அடுத்த ஐந்து நிமிடம்தான் கண்டம். நெஞ்சு படபடக்கும், கால் தானாக முன்னால் ஓடும், பின்னால் இடம் திறந்து கிடக்கும். மைதானத்தில் நின்ற எல்லோருக்கும் இது தெரியும்.

இன்னொன்றையும் சொல்லு. கேப்டன் லூனா அன்றைக்கு ஆடவில்லை. புது கோச் ஸ்டாரேவுக்கு லீக்கில் அதுதான் முதல் மேட்ச். போன சீசனில் 13 கோல் போட்ட டயமன்டகோஸ் இப்போது ஈஸ்ட் பெங்காலில் இருக்கிறார், வருகிற ஞாயிறு எதிர்ப்பக்கம் நிற்பார். இவ்வளவு காரணம் இருக்கும்போது ஒன்பது வயதுப் பிள்ளையின் காலில் எதற்குப் போட வேண்டும்?

வாளையார் லாரி

அண்ணா, நான் 2016 டிசம்பர் 18 அன்று கொல்கத்தாவோடு நடந்த ஐஎஸ்எல் ஃபைனலுக்கு அதே கலூரில் இருந்தேன். ஐம்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். 37-வது நிமிடத்தில் எங்கள் முகமது ராஃபி முட்டிப் போட்டபோது எங்கள் கேலரி ஆடியதைக் காலில் உணர்ந்தேன். முதல் பாதி முடிவதற்குள் கொல்கத்தாவின் செரெனோ சமன் செய்தார். அப்புறம் பெனால்டி ஷூட் அவுட். கொல்கத்தாவின் முதல் அடியில் ஹியூமைத் தடுத்தபோது கப் எங்களுக்குத்தான் என்று நினைத்தோம். கடைசியில் 4-3, கொல்கத்தா தூக்கிக்கொண்டு போனது. ராத்திரி வண்டியை எடுக்காமல் ஆலுவா பக்கம் ரோட்டோரம் போட்டுவிட்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

ராசி பற்றிக் கேட்டதால் ஒன்று சொல்கிறேன். 2014 ஃபைனலில் இன்ஜுரி டைமில் கொல்கத்தாவுக்காக கோல் போட்டு எங்களைத் தோற்கடித்தது முகமது ரஃபீக். அதே ரஃபீக் 2016-ல் எங்கள் மஞ்சள் ஜெர்சியில், எங்களுக்காகப் பெனால்டி அடித்து உள்ளே போட்டார். அவருக்கு என்ன ராசி என்று அந்த உறவுக்காரரிடம் கேளுங்கள்.

போகிறதென்றால் காரை ஆலுவா மெட்ரோவில் போட்டுவிட்டுப் போங்கள். மேட்ச் நாளில் ராத்திரி நேரம் கழித்தும் மெட்ரோ ஓடும். திரும்பும்போது பிள்ளை பின் சீட்டில் படுத்துக்கொள்ளலாம்.

மூணாறு அக்கா

மேலே இரண்டு பேரும் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், தம்பி. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் அப்பா எஸ்டேட் டீமில் லெஃப்ட் பேக். மூணாறில் எஸ்டேட் டீம்கள் மோதும் பின்லே ஷீல்டு போட்டி என்றால் தோட்டத்துச் சனம் மொத்தமும் மைதானத்தில் இருக்கும். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு வீட்டில்கூட அடுப்பு எரியாது. ஒரு வருடம் அப்பாவுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு நான் மைதானத்துக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கு எட்டு வயது. தோற்றுப் போனார்கள். திரும்பி வருகிற வழியில் ஒரு பாட்டி, பொட்டப்புள்ளை கோட்டை மிதித்து நின்றாள், அப்புறம் எப்படி விளங்கும் என்றாள். அப்பா கேட்டுக்கொண்டுதான் வந்தார். ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு நான் மைதானத்துப் பக்கம் போகவில்லை. கல்யாணம், வளைகாப்பு, புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவது, எங்கே போனாலும் ஓரமாகவே நிற்பேன். எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. அப்பா நல்ல மனுஷர், என்மேல் உயிர். ஆனால் அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தனியாகப் படுக்கையில் நீங்கள் "இல்லை" என்று சொன்னது போதாது. நாலு பேர் முன்னால் போட்ட சொல்லை நாலு பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும். அந்த உறவுக்காரர் இருக்கும்போது, மகள் இருக்கும்போது, சண்டை போடாமல், குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். அதைச் செய்துவிட்டு மேட்சுக்குப் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி.

மஞ்சத்துண்டு (கொழிஞ்சாம்பாறை), செப்டம்பர் 23

எல்லோருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன்.

வியாழக்கிழமை அவர் வந்தார். மகள் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு நீங்க சொன்னது இவ மனசுல நின்னுடுச்சு. இவ காலுக்கும் தோல்விக்கும் சம்பந்தம் இல்ல. இனிமே எங்க வீட்ல அந்த வார்த்தை வேண்டாங்க" என்றேன். கை நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன். அவர் முகம் சுண்டிப்போய், "விளையாட்டுக்குச் சொன்னதப்பா" என்றார். மகள் தலை நிமிரவில்லை. பென்சில் மட்டும் நின்றுவிட்டது.

அன்று ராத்திரி வீடியோவைப் போட்டோம். கோலி அண்ணன் சொன்னபடி நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். இரண்டாவது தடவையிலேயே ரிமோட்டை அவள் வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமை ஜெர்சி கீழ்த்தட்டிலிருந்து கொடிக்கு வந்திருந்தது, அவளே அலசிப் போட்டிருந்தாள்.

ஞாயிறு போனோம். அதே பாவாடை, அதே ஜெர்சி. 59-வது நிமிடத்தில் முதல் கோல் ஈஸ்ட் பெங்காலுக்கு. போட்டது விஷ்ணு, நம்ம காசர்கோட்டுப் பையன். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பெரிய திரையில் ரீப்ளே ஓடிக்கொண்டிருந்தது, கண்ணைச் சுருக்கி அதையே பார்த்தாள். "அப்பா, அவரை யார் விட்டாங்க?" என்றாள்.

நாலு நிமிடத்தில் நோவா சமன் செய்தார். 88-ல் எங்கள் க்வாமே பெப்ரா போட்டார். 2-1. இந்தத் தடவை சமன் ஆன பிறகு நாங்கள் இருவரும் உட்காரவே இல்லை, பின்னால் இடம் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றோம். ஆலுவாவில் கார் எடுக்கும்போது மணி பதினொன்றரை. வாளையார் தம்பி, பின் சீட்டில் படுத்தவள் வடக்கஞ்சேரி தாண்டும்போதுதான் ஒரு தடவை புரண்டாள்.

இன்று காலையில் அதே உறவுக்காரர் வாசலில் நின்று, "பாத்தியா, ஜெயிச்சுட்டாங்க! நம்ம புள்ள ராசிதான்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

மகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "இல்ல, பெப்ரா அடிச்சாரு" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.